காசு கொடுத்து வாங்கும் பயம்!

பேய் வீடு!

பொருட்காட்சிக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இராது. வாசலில் பல்லை இளிக்கும் மண்டை ஓடு. உள்ளே கும்மிருட்டு. டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்தால் எங்கிருந்தோ ஓர் அலறல். ஒரு கை நீளும். ஓர் எலும்புக்கூடு ஆடும். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். வந்த பிறகு ஒரே சிரிப்பு!

புளியங்குடிக்காரர்களுக்குப் பேயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியது இல்லை. பேயை விரட்ட உதவும் என்று மக்கள் நம்பும் எலுமிச்சம்பழம் விளையும் ஊர் அது. ஆனால் பேயை விரட்டாமல், "வா, வா" என்று அழைத்துப் பணம் பண்ணியது கடல் கடந்த இன்னொரு பழத்தோட்டம்!

தோட்டத்தில் பேய்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வால்ட்டர் நாட் என்ற விவசாயி இருந்தார். பெர்ரிப் பழம் பயிரிட்டுச் சாலையோரத்தில் விற்றுவந்தார். 1934-ம் ஆண்டு அவருடைய மனைவி அங்கே கோழி வறுவல் சாப்பாடு போடத் தொடங்கினார். கூட்டம் அலை மோதியது.

காத்து நிற்பவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே! 1940-ம் ஆண்டில், மக்கள் கைவிட்டுப்போன பழைய சுரங்க ஊர் போல ஒரு தெருவைக் கட்டத் தொடங்கினார் நாட். அதற்குப் "பேய் ஊர்" என்று பெயர். தோட்டம் வளர்ந்து பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஆயிற்று. 1973-ம் ஆண்டு அங்கே முதன்முதலாகப் பேய் இரவு நடந்தது. அக்டோபர் வந்தால் இன்றும் அங்கே பேய்களின் ராஜ்யம்தான்!

அக்டோபர் ஏன்? 31-ந் தேதி "ஹாலோவீன்" திருநாள். அயர்லாந்துப் பக்கத்தில் பிறந்த பழக்கம் அது. அன்று சிறுவர்கள் பேய் வேடம் போடுவார்கள். நாம் திருஷ்டிக்கு உடைக்கும் பூசணிக்காயில், அவர்கள் கண்ணும் மூக்கும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்கள்.

படம் வீடாக மாறும்!

1991-ம் ஆண்டு அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில், யுனிவர்சல் படக் கம்பெனியின் பூங்காவில் 3 இரவுகள் மட்டும் இப்படி ஒரு விழா நடந்தது. இப்போது அது பல வாரங்கள் நடக்கிறது. 2011-ம் ஆண்டு சிங்கப்பூரில் செந்தோசா தீவுக்கும் வந்தது.

திரையில் பார்த்து நடுங்கிய கதைக்குள்ளே, நாமே நடந்துபோகலாம். அதுதான் இதன் சூட்சுமம். "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" என்ற தொடர் 2018-ம் ஆண்டில் அங்கே வீடாக மாறியது. மலாய் மக்கள் நடுங்கும் "பொந்தியானாக்" என்ற பெண் பேய்க்கும் அங்கே வீடு கட்டியிருக்கிறார்கள்.

பயமுறுத்துவதில் ஒரு தந்திரம் உண்டு. இடது பக்கத்தில் ஒரு பொம்மை ஆடும். உங்கள் கண் அங்கே போகும். அந்த நொடியில் வலது பக்கத்தில் இருந்து ஒரு நடிகர் பாய்வார்! புகை, குளிர் காற்று, திடீர்ச் சத்தம் எல்லாம் துணை செய்யும். ஆனால் நடிகர்கள் யாரும் உங்களைத் தொடமாட்டார்கள். அது விதி.

யாருக்கு எந்தப் பேய்?

புளியங்குடியில் இருந்து ஒரு தாத்தாவும் பாட்டியும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேரனுக்கு 8 வயது. "எனக்குப் பயமே கிடையாது தாத்தா!" என்கிறான். உடனே டிக்கெட் எடுத்துவிடலாமா?

கூடாது. ஆர்லாண்டோ பூங்காவே, 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று சொல்கிறது. பகலில் சிரிக்கும் பையன் இரவில் அலறி எழுந்தால், பாதிப்பு அவனுக்கு. தூக்கம் கெடுவது வீடு முழுவதற்கும்!

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. "காஞ்சனா" (2011) போன்ற படங்களில் பேய் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அதற்கே அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் பிள்ளைக்கு, நேரில் பாயும் பேய் வேண்டாம்.

பெரியவர்களும் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ரத்தமும் கத்தியும் வருகிற வீடு சிலருக்கு ஆகாது. ஆவிக் கதை என்றால் தாங்குவார்கள். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வெளியே இருப்பதே நல்லது.

எந்த டிக்கெட் லாபம்?

பெரிய பூங்காக்களில் டிக்கெட் பல வகை. பகலில் பூங்காவைப் பார்க்க ஒன்று. பேய் இரவுக்கு வேறு ஒன்று.

ஓர் இரவுக்கான சாதாரண டிக்கெட்தான் மலிவு. ஆனால் ஒவ்வொரு வீட்டின் முன்பும் வரிசையில் நிற்கவேண்டும். கூடுதல் பணம் கட்டினால் விரைவு வரிசை. இன்னும் அதிகம் கொடுத்தால், வழிகாட்டி ஒருவர் நேரே அழைத்துப்போவார். அடிக்கடி போகும் உள்ளூர் வாலிபர்களுக்குப் பல இரவு டிக்கெட் உண்டு.

சனிக்கிழமையிலும், 31-ந் தேதி நெருங்கும்போதும் கூட்டம் அதிகம். முன்கூட்டியே, வார நாளில் போனால் சாதாரண டிக்கெட்டே போதும். விரைவு வரிசைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்!

எட்டு உயிர்கள்

டிக்கெட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

1984-ம் ஆண்டு மே 11-ந் தேதி. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பூங்கா. அங்கே இருந்த பேய்க் கோட்டையில் திடீர் என்று தீ பிடித்தது. இருட்டில் வழி தெரியாமல் ஒரு சிறுவன் சிகரெட் லைட்டரைக் கொளுத்தினான். சுவரில் இருந்த மெத்தைப் பஞ்சு பற்றிக்கொண்டது என்று விசாரணையில் தெரிந்தது. தண்ணீர் பீச்சும் தீயணைப்புக் குழாய்கள் அங்கே கிடையாது. இளம் வயதினர் 8 பேர் பரிதாபமாக இறந்தார்கள். உள்ளே பாய்ந்த பேய் பொய். தீ மட்டும் நிஜம்!

அதன் பிறகு அங்கே சட்டம் கடுமை ஆயிற்று. நம் ஊர்ப் பொருட்காட்சியில் பேய் வீட்டுக்குப் போனாலும் இதை நினைவில் வைக்கவேண்டும். வெளியே போகும் வழி எங்கே? தீயணைக்கும் கருவி இருக்கிறதா? ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் ஆட்களை அடைக்கிறார்களா? முதலில் இவற்றைப் பாருங்கள். பிறகு மண்டை ஓட்டைப் பார்க்கலாம்.

அந்தச் சிங்கப்பூர்க் குடும்பம் என்ன செய்யும்? மகனும் மருமகளும் வார நாளில் சாதாரண டிக்கெட் எடுத்துப் போவார்கள். பேரன் தாத்தா பாட்டியோடு வீட்டில் இருப்பான். பெற்றோர் திரும்பி வந்ததும், "பேய் எப்படி அப்பா பாய்ந்தது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். அவனுக்கு 13 வயது ஆகட்டும். பேய் எங்கே ஓடிவிடப் போகிறது?

பயந்தபின் சிரிக்க முடிந்தால்தான் அது வேடிக்கை. அப்படி வீடு திரும்பினால், புளியங்குடி எலுமிச்சம்பழத்தைத் திருஷ்டி கழிக்கத் தேடவேண்டாம். சர்பத் போட்டுக் குடிக்கலாம்!