பள்ளிச் சத்துணவு: பெற்றோர் அறிய வேண்டியவை

மகாராஜபுரம், வத்திராயிருப்புப் பகுதிகளிலிருந்து குழந்தைகளை அழைத்து வரும் தாய்மார்களிடம், குழந்தைக்கு இரத்தசோகை இருப்பதாகக் கூறியவுடன் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "டாக்டர், பள்ளிக்கூடச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்தே கட்டிக் கொடுக்கட்டுமா?" நிறுத்த வேண்டாம் என்பதே எமது விடை. அதற்கான காரணங்களைக் கீழே காண்போம்.

நம் மாவட்டத்தில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 1989-இல் இரு வாரங்களுக்கு ஒருமுறை வழங்கப்பட்ட முட்டை, 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் வழங்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. தேசிய விதிமுறைப்படி, தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஒரு முட்டையே ஏறத்தாழ 6 கிராம் புரதமும் பி12 உயிர்ச்சத்தும் தரும். வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் புளிச்சோறு வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் குறைவு.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. கீரையிலும் பயறிலும் இரும்புச்சத்து இருந்தாலும், அதில் சிறு பகுதியையே குடல் உறிஞ்சுகிறது. வைட்டமின் சி உடன் சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். தேநீர் அதைத் தடுக்கும். ஆகவே சாம்பாரிலிருந்து காய்கறியையும் கீரையையும் ஒதுக்கிவிட்டு உண்ணும் பிள்ளை, இழக்கக் கூடாத சத்தையே இழக்கிறது.

உடல்நலத்துக்கு உகந்த உணவு பல வேளைகளில் மண்ணுக்கும் உகந்ததாக அமைகிறது. நீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன் வாயு வெளியேறுகிறது. நெல்லுக்கு நீரும் மிகுதியாக வேண்டும். நம் கரிசல் நிலத்தில் குதிரைவாலி, கம்பு போன்றவை மழையை நம்பியே விளைகின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; அரிசியில் அது மிகச் சொற்பம். பள்ளி வளாகத்தில் ஒரு முருங்கை மரமும் கறிவேப்பிலைச் செடியும் இருந்தால், சமையலறைக்கு எரிபொருள் செலவின்றிப் புதிய கீரை வந்து சேரும். தட்டில் மிஞ்சி வீணாகும் சோறு, அதை விளைவித்த நீரையும் உழைப்பையும் சேர்த்தே வீணாக்குகிறது.

பெற்றோர் செய்யக்கூடியவை:

• காய்கறி, கீரை, முட்டை ஆகியவற்றை ஒதுக்காமல் உண்ணப் பிள்ளையைப் பழக்குங்கள். முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வழங்கப்படும்.

• மாலையில் தேநீருக்குப் பதிலாகக் கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுங்கள்.

• வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் சிறுதானியம் சமையுங்கள். தவிடு நீக்கித் தீட்டியவற்றில் நார்ச்சத்து குறைவு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

• பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

• முட்டை ஒவ்வாமை, நீரிழிவு உள்ள பிள்ளைகளைப் பற்றித் தலைமை ஆசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். இன்சுலின் போடும் பிள்ளைக்கு உணவு நேரம் தவறக் கூடாது.

• பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காய்கறித் தோட்டம், சுத்தமான குடிநீர் குறித்துப் பேசுங்கள். பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. அதையும் அங்கே எடுத்துக் கூறலாம்.

பிள்ளை வெளிறிக் காணப்பட்டாலோ, எளிதில் களைத்தாலோ, மண், சாம்பல் போன்றவற்றைத் தின்றாலோ இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். இரத்தசோகை உறுதியானால் மருந்தே முதன்மையானது; உணவு அதற்குத் துணை நிற்கும். மருந்தை நாங்கள் எழுதித் தருவோம். அன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று பள்ளியில் என்ன சாப்பிட்டாய், எதை மிச்சம் வைத்தாய்?" என்று கேட்பது உங்கள் பங்கு.