தேநீர்க் கோப்பையிலும் சட்டம்: அமெரிக்காவில் தடுமாறும் பிரிட்டிஷார்

மொழி ஒன்றாக இருந்தால் அயல்நாட்டிலும் எளிதில் வேரூன்றிவிடலாம் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் குடியேறிய பிரிட்டிஷாரைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. பிரிட்டனில் பிறந்து இன்று அமெரிக்காவில் வசிப்போர் ஆறு லட்சத்துக்கும் அதிகம். அவர்களுக்கு மொழித் தடை இல்லை. இரு நாடுகளின் சட்ட மரபுக்கும் மூலம் ஒன்றே. ஆயினும் கடைத்தெருவில், உணவகத்தில், மருத்துவமனையில் அவர்கள் தடுமாறுகின்றனர்.

உருளைக்கிழங்கு வறுவலுக்கும் பிஸ்கட்டுக்கும் இரு நாடுகளிலும் பொருள் வேறு என்பதைச் சில நாள்களில் பழகிக்கொள்ளலாம். பழகிக்கொள்ள இயலாதவை வேறு சில உண்டு. "அந்த ஊர் வழக்கம் அப்படி" என்று கூறி அவற்றைக் கடந்து போவதே பெரும்பாலோர் செய்வது. சற்று உற்று நோக்கினால், வழக்கம் என்று கருதப்படுபவற்றில் பல, என்றோ ஒரு நாள் நாடாளுமன்றத்தில் கை உயர்த்தி நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் விளைவுகள் என்பது புலப்படும்.

கெண்டியில் தொடங்கும் வேறுபாடு

பிரிட்டிஷாரின் முதல் ஏமாற்றம் தேநீர். அமெரிக்க உணவகங்களில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், தேநீர் கேட்டால் பனிக்கட்டி மிதக்கும் இனிப்புத் தேநீரே பெரும்பாலும் வரும். சூடாக வேண்டும் என்று வற்புறுத்தினால் ஒரு கோப்பை வெந்நீரும், பக்கத்தில் ஒரு தேயிலைப் பொட்டலமும் வைக்கப்படும். நீர் கொதிக்கும் நிலையிலேயே இலையின் மீது ஊற்றப்பட வேண்டும் என்று கருதும் பிரிட்டிஷாருக்கு இது தேநீரே அன்று.

வீட்டிலும் சிக்கல் தீர்வதில்லை. பிரிட்டனில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். அமெரிக்க மின்கெண்டியில் நீர் கொதிக்க ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகிறது.

தேநீரை முன்னிட்டே இவ்விரு நாடுகளும் பிரிந்தன என்பதையும் இங்கு நினைவுகூரலாம். கிழக்கிந்தியக் கம்பெனியை நிதி நெருக்கடியிலிருந்து மீட்பதற்காக லண்டன் நாடாளுமன்றம் 1773-இல் தேயிலைச் சட்டத்தை இயற்றியது. அதை எதிர்த்து, அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. தங்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லாத மன்றம் தங்கள் மீது வரி விதிக்கலாகாது என்பதே குடியேற்றவாசிகளின் வாதம். கோப்பைக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது.

விலக்கப்பட்ட பழம்

பிரிட்டனில் ஊதா நிற மிட்டாய் என்றால் அது பிளாக்கரண்ட் என்னும் சிறு கருநிறப் பழத்தின் சுவை. அமெரிக்காவில் ஊதா நிறம் என்றால் திராட்சைச் சுவை. பிளாக்கரண்ட் பழத்தைச் சுவைத்தே இராத அமெரிக்கர்கள் மிகப் பலர். இதை நாவின் விருப்பம் என்று கொள்வதற்கில்லை. வெள்ளை பைன் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் அந்தச் செடியில் தங்கிப் பரவுகிறது என்று கண்டு, மரத் தொழிலைக் காப்பதற்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசு அதைப் பயிரிடத் தடை விதித்தது. மத்திய அரசின் தடை 1966-இல் நீங்கிற்று. சில மாநிலங்கள் தடையைத் தொடர்ந்தன. நியூயார்க் மாநிலம் 2003-இல்தான் அதை விலக்கியது.

பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. இரண்டாம் உலகப் போரின்போது ஆரஞ்சுப் பழ இறக்குமதி தடைப்பட்டது. சி வைட்டமின் குறைபாட்டைத் தவிர்க்க, பிளாக்கரண்ட் பயிரை அரசு ஊக்குவித்தது. 1942 முதல் அதன் சாறு குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஓர் அரசு விலக்கிய பழத்தை இன்னோர் அரசு ஊட்டி வளர்த்தது. இன்று இரு நாட்டுக் குழந்தைகளின் நாவும் வெவ்வேறாக இருப்பதன் காரணம் இதுவே.

ஸ்காட்லாந்து மக்களின் தேசிய உணவான ஹாகிஸ், ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படுவது. கால்நடை நுரையீரலை மனித உணவாகப் பயன்படுத்தலாகாது என்று 1971-இல் அமெரிக்க வேளாண் துறை விதித்ததால், மரபு முறையில் செய்த ஹாகிஸ் அங்கு நுழைய இயலாமற் போயிற்று. உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டையும் அவ்வாறே. இனிப்புப் பண்டத்தினுள் உண்ணத்தகாத பொருளைப் பொதிந்து விற்பதை 1938-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பிரிட்டனிலிருந்து குழந்தைக்கு ஆசையாக வாங்கி வந்த முட்டை, விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளால் பறிமுதல் செய்யப்படலாம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது போன்று, பொம்மை ஒரு பாதியிலும் இனிப்பு மறு பாதியிலுமாகப் பிரித்து அடைத்த வகையே பின்னர் அங்கு விற்பனைக்கு வந்தது.

சாக்லேட் விஷயம் நீதிமன்றம் வரை சென்றது. பால் சாக்லேட் எனப் பெயரிட வேண்டுமானால் பிரிட்டனில் குறைந்தது 20 சதவீதம் கொக்கோ திடப்பொருள் இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி 10 சதவீதம் கொக்கோ விழுது இருந்தால் போதும். கேட்பரி பெயரில் அமெரிக்காவில் சாக்லேட் தயாரிக்கும் உரிமை 1988 முதல் ஹெர்ஷி நிறுவனத்திடம் உள்ளது. பெயர் ஒன்றாயினும் சுவை வேறு என்பதால், அங்குள்ள பிரிட்டிஷார் தாய்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டதையே தேடி வாங்கினர். ஹெர்ஷி வழக்குத் தொடுத்தது. 2015 ஜனவரியில் ஏற்பட்ட சமரசத்தின்படி, அத்தகைய பொருள்களைத் தருவித்து வந்த ஓர் இறக்குமதி நிறுவனம், பிரிட்டனில் தயாரான கேட்பரி சாக்லேட்டைக் கொண்டுவருவதில்லை என ஒப்புக்கொண்டது. வர்த்தகச் சின்னச் சட்டம் நாவின் நினைவைப் பொருட்படுத்துவதில்லை.

விலை ஒன்று, பில் வேறு

பிரிட்டனில் கடைப்பலகையில் எழுதியுள்ள விலையில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் அடங்கியிருக்கும். வரிகள் உள்பட அதிகபட்ச விலை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கும் இது புதிதன்று. அமெரிக்காவில் தேசிய அளவில் விற்பனை வரி கிடையாது. மாநிலங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் தத்தம் விருப்பப்படி விதிக்கின்றன. ஓரிகான், டெலவேர் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் மாநில விற்பனை வரியே இல்லை. எனவே பலகையில் வரியற்ற விலையும், பில்லில் வரியுடன் கூடிய விலையும் இருக்கும். சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் புதியவர் திகைக்கிறார்.

உணவகத்தில் இதைவிடப் பெரிய திகைப்பு காத்திருக்கிறது. பில் தொகையில் 15 முதல் 20 சதவீதம் வரை சர்வருக்கு டிப்ஸ் தருவது அங்கு எழுதப்படாத விதி. மனம் மகிழ்ந்தால் தரும் அன்பளிப்பாகவே டிப்ஸைக் கருதி வந்த பிரிட்டிஷார், சேவை சுமாராக இருந்தும் ஏன் தர வேண்டும் என்று கேட்கின்றனர். விடை ஊதியச் சட்டத்தில் உள்ளது. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம், மத்தியச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991 முதல் அது உயர்த்தப்படவில்லை. மற்ற தொழிலாளர்களுக்கு 2009 முதல் 7 டாலர் 25 சென்ட். டிப்ஸ் சேர்ந்தும் அந்தத் தொகையை எட்டாவிடில், மீதியை முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்று விதி உண்டு. கலிபோர்னியா உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் மட்டுமே இந்தப் பாகுபாட்டை ஏற்காமல் முழு ஊதியத்தையும் முதலாளியே தர வேண்டும் என்கின்றன. மற்ற இடங்களில் டிப்ஸ் தர மறுப்பவர், தாம் அறியாமலே ஒரு தொழிலாளியின் கூலியில் கை வைக்கிறார்.

பிரிட்டன் வேறு திசையில் சென்றது. டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தில் கழித்துக்கொள்வதை அது 2009-இல் தடை செய்தது. வசூலாகும் டிப்ஸ் முழுவதையும் தொழிலாளர்களுக்கே பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கலாகாது என்ற வழிகாட்டு நெறிமுறையை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

மதுவும் மாநில உரிமையும்

பிரிட்டனில் 18 வயதில் மதுக்கூடத்துக்குச் செல்லலாம். அதே இளைஞர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 21 வயது வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டப்படி மதுவைக் கட்டுப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு. ஆயினும், 21 வயது வரம்பை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்று 1984-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. தெற்கு டகோட்டா மாநிலம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1987-இல் தீர்ப்பு மத்திய அரசுக்குச் சாதகமாக வந்தது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் பணிந்தன. மாநிலத்தின் அதிகாரத்தில் நேரடியாகத் தலையிடாமல், நிதியைக் காட்டி இணங்கவைக்கும் இந்த முறை நம் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

வேலை போனால் மருத்துவமும் போகும்

உணவும் மதுவும் பழகிவிடக்கூடியவை. பழகுவதற்கு அரியவை விடுப்பும் மருத்துவமும். பிரிட்டனில் முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 28 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு சட்டப்படியான உரிமை. அமெரிக்காவில் தனியார் துறை ஊழியருக்கு அத்தகைய விடுப்பு அளிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. முதலாளி தருவதே விடுப்பு.

மருத்துவத்தில் இரு நாடுகளும் பிரிந்தது 1942-ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு பிரிட்டனில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, எல்லோருக்கும் பொதுவான மருத்துவ சேவைக்கு வித்திட்டது. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. அதே 1942-இல் அமெரிக்கா போர்க்கால ஊதியக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஊதியத்தை உயர்த்த இயலாத நிறுவனங்கள், மருத்துவக் காப்பீடு அளித்துத் தொழிலாளர்களை ஈர்த்தன. பின்னர் வரிச் சலுகையும் சேர்ந்துகொள்ளவே, காப்பீடு வேலையோடு பிணைந்துபோனது.

மருத்துவரிடம் காண்பித்துவிட்டுப் பணம் தராமல் வெளியே வந்து பழகிய ஒருவருக்கு, காப்பீட்டுக்கு முன் தம் கையிலிருந்து இவ்வளவு செலுத்த வேண்டும், இன்னின்ன மருத்துவமனைகளுக்கே போக வேண்டும் என்ற கணக்குகள் அச்சமூட்டுகின்றன. வேலை விசாவில் சென்றவரின் நிலை இன்னும் கடினம். வேலை போனால், அந்த வேலை வழங்கிய காப்பீடும் அதனோடு போகிறது. வேறு வேலை தேட அல்லது நாட்டை விட்டு வெளியேற, 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி தரும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள்கள். இந்த விதி லண்டனிலிருந்து சென்றவருக்கும் சென்னையிலிருந்து சென்றவருக்கும் ஒன்றே.

வரி உண்டு, வாக்கு இல்லை

சட்டமே வழக்கமாக மாறுகிறது என்றால், அந்தச் சட்டத்தை இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இவர்களுக்கு உண்டா? நிரந்தர வசிப்புரிமை பெற்ற பிரிட்டிஷார் அமெரிக்காவுக்கு வரி செலுத்துகின்றனர். ஆனால் அதிபர் தேர்தலிலோ நாடாளுமன்றத் தேர்தலிலோ அவர்கள் வாக்களிக்க இயலாது. நாட்டை விட்டுச் சென்று 15 ஆண்டுகள் கடந்தவர்களுக்குத் தாய்நாட்டிலும் வாக்குரிமை இல்லாதிருந்தது. இரு நாட்டிலும் குரலற்றவர்களாக அவர்கள் இருந்தனர். அந்த 15 ஆண்டு வரம்பு 2024 ஜனவரி 16 அன்று நீக்கப்பட்டது. அதன்பின் நடந்த முதல் பிரிட்டிஷ் பொதுத்தேர்தலின் நாள் 2024 ஜூலை 4. அது அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து பெற்ற விடுதலையைக் கொண்டாடும் நாள்!

அமெரிக்காவில் வாக்குரிமை வேண்டுமெனில் குடியுரிமை பெற வேண்டும். அந்நிய மன்னருக்கான விசுவாசத்தைத் துறப்பதாக அப்போது உறுதிமொழி எடுக்க வேண்டும். அதனால் பிரிட்டிஷ் குடியுரிமை பறிபோவதில்லை என்பது ஆறுதல். ஆனால் அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையில் ஈட்டினாலும் அமெரிக்க வரிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். நியூயார்க்கில் பிறந்ததால் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்த போரிஸ் ஜான்சன், லண்டனில் வீடு விற்றதற்கு அமெரிக்காவுக்கு வரி செலுத்த நேரிட்டது. 2016-இல் அவர் அக்குடியுரிமையைத் துறந்தார். மூன்று ஆண்டுகளில் பிரிட்டன் பிரதமரானார்.

குடியுரிமை கோருவோருக்கு வரலாறு, ஆட்சிமுறை குறித்து வாய்மொழித் தேர்வு உண்டு. 2008-ஆம் ஆண்டின் 100 வினாக்கள் கொண்ட தொகுப்பில் ஒரு வினா: குடியேற்றவாசிகள் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டது ஏன்? ஏற்கப்படும் விடைகளில் ஒன்று, பிரதிநிதித்துவம் இன்றி வரி விதித்ததால் என்பது. அந்த விடையைச் சொல்லும் பிரிட்டிஷ்காரர், பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ அந்த நாட்டுக்கு வாக்கின்றி வரி செலுத்தியவராகவே இருப்பார்.