அட்டையைப் புதுப்பிக்க மறுத்தால்

கடன் கொடுப்பவர் கொடுக்கலாம், கொடாமலும் இருக்கலாம் என்பது உலக வழக்கு. ஆயின் ஐந்தாண்டுகள் தவணை பிசகாமல் கொடுத்து வாங்கிய ஒருவரை ஆறாம் ஆண்டில் "இனி இல்லை" என்ற ஒரே சொல்லால் வாயிலோடு திருப்பி அனுப்பலாமா? கடன் அட்டை பட்டணத்துக் கடைவீதியோடு நின்றிருந்த காலத்தில் இக்கேள்வி நமக்கு வேண்டாததாக இருந்தது. உழவருக்கும் நெசவாளருக்கும் அட்டை வந்துவிட்ட பிறகு, இது நம் வயலையும் தறியையும் தொடும் கேள்வியாகிவிட்டது.

அட்டை கொடுத்தவரின் உரிமையை மிக விரிவாக எடுத்துரைத்தவை அமெரிக்க நீதிமன்றங்கள். 1967ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநில மேல்முறையீட்டு மன்றம், கடன் அட்டை என்பது கடன் தர முன்வருவதாகச் சொல்லும் வாக்கே அன்றி வேறில்லை என்றும், கொடுத்தவர் அதை எப்பொழுது வேண்டுமாயினும், காரணம் காட்டாமலேயே, திரும்பப் பெறலாம் என்றும் தீர்ப்புரைத்தது. சட்டக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்நாட்டு மக்களுக்கே அது பொறுக்கவில்லை. 1974இல் இயற்றி 1976இல் திருத்திய சமக்கடன் வாய்ப்புச் சட்டத்தின் வழியாக, கடனை மறுத்தாலும் நிறுத்தினாலும் அதற்குரிய காரணத்தை அறியும் உரிமையை வாடிக்கையாளருக்கு அவர்கள் அளித்தார்கள். மறுக்கும் உரிமை நின்றது. வாய்மூடி மறுக்கும் உரிமை போயிற்று.

நம் நாடும் ஏறக்குறைய அவ்வழியிலேயே வந்திருக்கிறது. சிறு கடன் விண்ணப்பங்களை மறுத்தால் முக்கிய காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கு வகுத்தது. கடன் அட்டைகளுக்கென 2022இல் அது பிறப்பித்த நெறிமுறையும் விண்ணப்பத்தை மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டது. அதே நெறிமுறையில் ஒரு வேடிக்கையும் உண்டு. காலம் முடிந்த அட்டைக்குப் பதிலாகப் புதிய அட்டையை அனுப்புமுன், அது வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பை வாடிக்கையாளருக்கு அளிக்க வேண்டுமாம்! பட்டணத்தில் வேண்டாதவர் வீட்டு வாயிலில் அட்டை வந்து நிற்கிறது. நம் ஊரில் வேண்டுபவர் அட்டையின் வாயிலில் நிற்கிறார்.

1998இல் தொடங்கிய உழவர் கடன் அட்டைத் திட்டத்தை 2012இல் திருத்தியமைத்தபோது, அட்டைக்கு ஐந்தாண்டு ஆயுள் என்றும், ஆண்டுதோறும் கணக்கைச் சரிபார்த்துத் தொடர்வது என்றும் வைத்தனர். கடன் அளவைக் கணக்கிடும் முறையும் எளிதே. ஓர் ஏக்கர் நெல்லுக்கு நிர்ணயித்த கடன் அளவு 30,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கருக்கு 60,000. அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் குடும்பச் செலவுக்குமாக அதில் பத்தில் ஒரு பங்கு, 6,000. ஏர், கிணறு, கருவிகளைப் பேணுவதற்கு ஐந்தில் ஒரு பங்கு, 12,000. ஆக, பயிர்க் காப்பீட்டுக் கட்டணம் நீங்கலாக 78,000 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசியை முன்னிட்டு நூற்றுக்குப் பத்து வீதம் கூடும். தவணை தவறாதவருக்கு நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடன் வட்டியின்றியே கிடைக்கிறது.

இத்தனை நல்ல ஏற்பாட்டில் ஒரு முள் இருக்கிறது. பழைய கடனை முழுதும் கட்டிய பின்னரே புதிய பயிருக்குப் பணம் எடுக்க முடியும். தென்காசி வட்டாரத்தில் பிசான நெல் மாசி, பங்குனியில் களத்துக்கு வருகிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் நீர் வரும் வேளையில் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவ வேண்டும். அருவியில் நீராட வருவோருக்குச் சாரல் இன்பம். சிற்றாற்றுப் பாசனத்தை நம்பியவருக்கோ அது செலவின் தொடக்கம். நெல் விலை படியாமல் மூட்டை வீட்டிலேயே இருக்க, தவணை நாள் வந்துவிடுகிறது. அப்பொழுது உழவர் என்ன செய்கிறார்? தெரிந்த ஒருவரிடம் கைமாற்று வாங்கிக் காலையில் சங்கத்தில் கட்டுகிறார். இரண்டொரு நாளில் புதுக்கடன் எடுத்துக் கைமாற்றை அடைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். இதற்குப் புதுப்பித்தல் என்று பெயர். பல ஊர்களில் இது ஆண்டுச் சடங்குபோலவே ஆகிவிட்டது.

இந்த இரண்டொரு நாளுக்குள் "உமக்கு இவ்வாண்டு இல்லை" என்று சங்கம் சொல்லிவிட்டால் அவர் கதி என்ன? வட்டியில்லாத 78,000 ரூபாய்க் கடன், ஒரே பகலில் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக் கடனாக மாறிவிடுகிறது. மாதத்துக்கு 2,340 ரூபாய். கார் அறுவடை வரையிலான நான்கு மாதத்துக்கு 9,360 ரூபாய். நாற்றுக்கும் உரத்துக்கும் வேறு பணம் தேட வேண்டும். கட்டத் தவறியவருக்கு நேராத துன்பம் கட்டியவருக்கு நேருகிறது! புதுப்பிக்க இயலாது என்றால் அதைப் பணம் கட்டுமுன் சொல்வதே முறை. பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிறகு சொல்வது முறையன்று என்பது என் துணிபு.

நெசவாளர் நிலை சற்று வேறு. நெசவாளர் முத்ரா திட்டம் நூற்றுக்கு 6 வட்டியில் வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தது. அந்த வட்டிச் சலுகைக்கு மூன்றாண்டு எல்லை உண்டு என்பதைப் பலர் கருதுவதில்லை. உழவருக்கு அறுவடை என்று ஒரு நாள் உண்டு; தறிக்கு அப்படி ஒன்றில்லை. பாவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாவுக்கு நூல் வாங்கியாக வேண்டும். நடுவில் கடன் நின்றால் தறி நிற்கும், கூலியும் நிற்கும்.

மறுப்பதற்கு உண்மையான காரணங்களும் உண்டு. சங்கத்தின் பணம் பிறர் போட்ட வைப்புப் பணம். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்வோர் கூட்டுறவுக்கு நண்பர் அல்லர். தம் கடனைச் சரியாகக் கட்டியவர், அண்டை வீட்டாருக்கு இட்ட ஜாமீன் கையெழுத்தால் நிறுத்தப்படுவதும் உண்டு. பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கும். வேறோரிடத்தில் வைத்த நகைக்கடன் தவணை தவறியிருக்கும்.

இவற்றோடு பெயர்க் குழப்பம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. தென்காசியில் காசி விசுவநாதன்களுக்கும், குற்றாலத்தில் குற்றாலநாதன்களுக்கும், சங்கரன்கோவிலில் கோமதிகளுக்கும் பஞ்சமா? ஒருவர் பாக்கி மற்றொருவர் பெயரில் ஏறிவிட்டால், கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில் நல்லவரும் நாணயமற்றவராகத் தோன்றுவார். இதற்குப் பரிகாரம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை நம் கணக்கறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017இல் வந்த ஏற்பாடு. பிழையைச் சுட்டி 30 நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்று 2024இல் அமலாயிற்று.

வங்கிக்கும் சங்கத்துக்கும் ஓர் அடிப்படை வேற்றுமையை இங்கே மறக்கலாகாது. வங்கியில் நாம் வாடிக்கையாளர். சங்கத்திலோ பங்கு செலுத்திய அங்கத்தினர், சொந்தக்காரர். பழைய நாளில் இவற்றுக்கு நாணயச் சங்கம் என்று பெயரிட்டவர்கள் அங்கத்தினரின் நாணயத்தையே ஈடாக மதித்தார்கள். அப்படியிருக்க, தம் வீட்டிலேயே ஒருவருக்குக் காரணம் சொல்லப்படாமல் கதவு சாத்தப்படுவது வங்கி செய்வதைக் காட்டிலும் கொடிதன்றோ?

காரணம் கேட்க வழி யாது? 2013இல் கேரளத்துத் தலப்பலம் சங்க வழக்கில், அரசின் பெரும் நிதியிலோ கட்டுப்பாட்டிலோ இயங்காத கூட்டுறவுச் சங்கம் தகவல் உரிமைச் சட்டப்படி பொது அதிகார அமைப்பு ஆகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. ஆனால் பதிவாளர் பொது அதிகாரியே. சட்டப்படி அவர் சங்கத்திடம் பெறக்கூடிய தகவலை அவர் வழியாகக் கேட்கலாம் என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவு, சங்கத்தின் அலுவல் பற்றி அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் எழும் வழக்குகளைப் பதிவாளரிடம் கொண்டு செல்ல இடமளிக்கிறது.

அவ்வளவு தூரம் போகுமுன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தவணை நாளுக்கு ஒரு மாதம் முன்பே, இவ்வாண்டு புதுப்பிக்கப்படுமா, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பிசானக் கதிர் முற்றும்போதே இதைச் செய்துவிட்டால், பதில் எதுவாயினும் கைமாற்று வாங்குவதற்கு முன்னரே அது கையில் வந்து சேரும்.