உருளையும் படலமும்

கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையைச் சட்டுவத்தாற் சுரண்டி எடுத்தவர்க்கு இக்கட்டுரையின் பொருளைப் பெரிதும் விளக்கவேண்டுவதில்லை. வீட்டில் அடுத்த தோசையோடு தீரும் அவ்விடர், நெகிழித் தொழிற்சாலையில் நேருமாயின் பெரும்பொறியையே நிறுத்திவிடும்.

மேசைவிரிப்பு, மழைமேலாடை முதலியன ஆகும் பாலிவினைல் குளோரைடுப் படலம், சூடேற்றிய எஃகுருளைகளினிடையே நசுக்கப்பட்டு உருவாகின்றது. அப்பொறிக்குக் ‘காலண்டர்’ என்று பெயர். சுவரில் தொங்கும் நாட்காட்டிக்கும் இதற்கும் உறவில்லை. எட்வின் சாஃபீ என்னும் அமெரிக்கர் 1836-இல் இரப்பருக்கெனக் காப்புரிமை பெற்ற பொறியின் வழிவந்தது இது. இதன் உருளைகள் ஏறத்தாழ 170 முதல் 200 பாகை செண்டிகிரேடு வரை சூடுடையன. அவ்வெப்பத்தில் அப்பொருள் நெகிழ்ந்து குழையும், குழைந்தது ஒட்டும். நெகிழ்தல் பற்றியே அதனை ‘நெகிழி’ என்றனர் போலும்.

அற்றேல், 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாய்க் கண்டதும், இன்று ஒட்டாத தோசைக்கல்லுக்குப் பூசப்படுவதுமான டெஃப்லானை இவ்வுருளைகட்கும் பூசிவிடலாகாதோ எனின், ஆகாது. அறவே ஒட்டாத படலம் உருளையோடு சுற்றிவாராது. வழுக்கி மடிந்து பாழாகும். வேண்டுமிடம்வரை பற்றிநின்று, வேண்டுமிடத்தில் விட்டு நீங்குதலே ஈண்டு வேண்டப்படுவது.

அதற்கென, மெழுகுவர்த்தியிற் சேரும் ஸ்டியரிக் அமிலத்தையோ அதன் கால்சிய உப்பையோ நெகிழித்தூளோடு முன்னரே கலக்கின்றனர். நூறு பங்குக்கு ஒரு பங்களவே போதும். நெகிழியோடு முற்றும் கலவாத இக்கொழுப்பு மேற்பரப்பிற் கசிந்து, உலோகத்துக்கும் படலத்துக்கும் நடுவே மெல்லிய திரையாய் நிற்கும். குறையின் படலம் ஒட்டும். மிகின் உருளையில் அழுக்காய்ப் படியும், பின்னர்ப் படலத்தின்மேல் அச்சுமையும் பிடியாது.

கலவை மட்டும் போதாது. இப்படலம் இரண்டுருளைகளுள் வெப்பமும் விரைவும் மிக்கதனையே தொடரும் இயல்பினது. ஆதலின் பெரும்பாலும் ஒவ்வோர் உருளையையும் முன்னதினும் சிறிது மிகுந்த சூட்டோடும் விரைவோடும் சுழலவிடுகின்றனர். இறுதியில், இன்னும் விரைந்து சுழலும் சிற்றுருளைகள் படலத்தை இழுத்துப் பிரித்துக் குளிருருளைகட்கு அனுப்பும்.

இவ்வேற்பாடு தவறிப் படலம் உருளையைச் சுற்றிக்கொள்ளின், நெடிது வெந்து மஞ்சளித்துக் கருகும். அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எஃகை அரிக்கும். கண்ணையும் தொண்டையையும் வருத்தும். அதனினுங் கொடிது, சுழலும்போதே கையாற் பற்றி இழுக்க முயலல். உருளைகள் கூடுமிடம் படலத்தை மட்டுமன்றிக் கையையும் உள்ளிழுக்கும். இதன்பொருட்டே இப்பொறிகளிற் கைக்கெட்டும் தொலைவில் நிறுத்துகயிறு கட்டப்பட்டிருக்கும். அதனை இழுத்து, உருளைகள் அசைவற்று நின்றபின்னரே ஒட்டியதை அகற்றத் தொடங்குதல் வேண்டும்.