என்னை ஒருவரும் கேட்கவில்லை

வன்னியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து திரிந்த பெற்றோர் பலர், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் செய்து வைத்தார்கள். கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து செய்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நாட்களில் தறப்பாளுக்குக் கீழே பிறந்த குழந்தைகளுக்கு இன்று அதே வயது வந்துவிட்டது. இப்போதைய பயம் வேறு: வறுமை, ஊர்ப்பேச்சு, குமரை வீட்டில் வைத்திருக்க ஏலாது என்ற கவலை.

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் இளையோருக்கு ஒரு சிறு பயிற்சி வைத்தோம். தாளில் 15 முதல் 35 வரை வயதை வரிசையாக எழுதி, படிப்பு, தொழில், வீடு, கலியாணம், முதற்பிள்ளை எந்தெந்த வயதில் என்று குறிக்க வேண்டும். ஒரு பெடியன் இருபதில் கலியாணம், இருபத்தைந்துக்குள் மூன்று பிள்ளைகள் என்று எழுதினான்.

"தம்பி, காணி எவ்வளவு?"

"அப்பாவின்ர இரண்டு ஏக்கர், பாதர். நாங்கள் சகோதரங்கள் நாலு பேர்."

சொல்லிவிட்டு அவனே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறுபோகத்துக்கு முன் குளத்துத் தண்ணீரைப் பார்த்து, கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கிறவர்கள் நாங்கள். பிள்ளை விஷயத்தில் மட்டும் ஒரு கூட்டமும் கிடையாது.

ஒரு பெண்பிள்ளை முதற்பிள்ளைக்கு இடமே விடவில்லை. "எனக்குப் பிள்ளை வேண்டாமெண்டு நினைச்சால் பிழையோ, பாதர்?"

யோசிப்பது பிழையில்லை, இன்றைக்கே முடிவெடுக்கவும் தேவையில்லை என்றேன். கலியாணம் முடிக்காத நான் வேறென்ன சொல்ல! கதவடியில் நின்ற தாய்தான் பிறகு வாய் திறந்தார். தமக்குப் பதினாறில் முதற்பிரசவம் என்றார். "என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, பாதர்."

உடம்பின் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இளவயதில் இடுப்பெலும்பு முழுமையாக வளர்ந்திராது. பிரசவம் தடைப்படலாம். இரத்தச்சோகை, வலிப்பு, நிறை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகளும் கூடும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் விடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நாட்டின் பொதுவான விவாகப் பதிவுச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதிவில்லாமல் சேர்ந்து வாழ்ந்து, பிறகு பத்திரங்களுக்கு அலைந்த குடும்பங்களை நீங்களே அறிவீர்கள்.

பொறுப்புள்ள பெற்றோராவதைப் பற்றிப் பாப்பரசர் ஆறாம் பவுல் 1968 இல் எழுதிய சுற்றுமடலும் பேசுகிறது. வழிமுறைகளில் திருச்சபை சொல்வது ஒன்று, கிளினிக்கில் சொல்வது இன்னொன்று. கேட்கும் பிள்ளைக்கு நான் இரண்டையும் மறைப்பதில்லை. உடம்பு பற்றிய கேள்விகளுக்கு உங்கள் பகுதிக் குடும்பநல மாது என்னைவிட நன்றாகப் பதில் சொல்லுவார்.

வீட்டில் பேசும்போது மகளை மட்டும் கூப்பிட்டு இருத்தாதீர்கள். மகனுக்கும் ஒரு தாள் கொடுங்கள். அயலவர் இல்லாத நேரமாக, வெங்காயம் கட்டும்போதோ கடலை உடைக்கும்போதோ தொடங்கலாம். கைக்கு வேலை இருந்தால் பிள்ளைகளுக்குக் கூச்சம் குறைவு.