அடையாறு மாத்திரையின் வரவு செலவு

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியபோது படுக்கைகள் 12. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1981 முதல் அங்கிருந்தே நடக்கிறது. தொடக்க ஆண்டுகளில் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று முதலிடம். இன்று மார்பகப் புற்று. அதற்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்பியில் எதைத் தடுக்கிறது?

ஆள் கணக்கு

புரதம் தரும் மனித மரபணுக்கள்: சுமார் 20,000
ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஆல்ஃபா): 595 அமினோ அமிலங்கள்
துணைப் புரதம் எஸ்.ஆர்.சி-1 (அறியப்பட்டது 1995): 1,441 அமினோ அமிலங்கள்
அடுத்த துணை, பி300: 2,414 அமினோ அமிலங்கள்
மீடியேட்டர்: ஏறக்குறைய 30 புரதங்களின் கூட்டு
படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2: 12 புரதங்கள்

ஏற்பி டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்தால் மட்டும் போதாது. எஸ்.ஆர்.சி-1 அதைப் பற்றிக்கொண்டு பி300-ஐ அழைத்துவர வேண்டும். பி300, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசெட்டைல் ஒட்டி அதன் இறுக்கத்தைத் தளர்த்தும். மீடியேட்டர் பாலிமரேஸை வேலைக்கு நிறுத்தும். பிறகுதான் மரபணு படியெடுக்கப்படும்.

இத்தனைக்கும் பிடிமானம் எஸ்.ஆர்.சி-1-இல் உள்ள 5 அமினோ அமிலத் துண்டு. அதில் 3 லியூசின். ஏற்பியின் மேலுள்ள சிறு பள்ளத்தில் அது பொருந்த வேண்டும். மருந்து உள்ளே போனதும் ஏற்பியின் 12-ஆவது சுருள் இடம்மாறி அந்தப் பள்ளத்திலேயே படுத்துவிடுகிறது; எஸ்.ஆர்.சி-1-க்குப் பிடிக்க இடமில்லை. 1998-இல் வெளியான படிக அமைப்பில் இது தெளிவாகவே தெரிந்தது.

மருந்துக் கணக்கு

20 மி.கி. × 1,826 நாள் (5 ஆண்டு) = 36.5 கிராம்
பத்து மாத்திரை அட்டையாக: 183

தி. நகர் நகைக்கடைத் தராசில் நிறுத்தால் நாலரைச் சவரனும் அரை கிராமும்.

வரவு: ஏற்பி உள்ள புற்றில், 15 ஆண்டுகளில் மார்பகப் புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு (2011 தொகுப்பாய்வு).

பற்று: கருப்பை உட்சுவர்ச் செல்களில் எஸ்.ஆர்.சி-1 அதிகம். அங்கே இதே மருந்து சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது (2002). அதே குடும்பத்துத் துணைப் புரதமான எஸ்.ஆர்.சி-3-இன் மரபணு சுமார் 10% மார்பகக் கட்டிகளில் பெருகியிருந்தது (1997). அந்தப் புரதமும், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதமும் இரண்டுமே அதிகமாக இருந்தால் மருந்தின் பலன் குறைகிறது (2003).

ஆக, ஏற்பி ஒன்றேயானாலும் பலனைத் தீர்மானிப்பதில் துணைப் புரதங்களின் அளவுக்கும் பங்கு உண்டு. நோயாளி கையில் வரும் வழக்கமான பரிசோதனை ரிப்போர்ட்டிலோ ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 மூன்றுக்குத்தான் கட்டம், எஸ்.ஆர்.சி-க்கு இன்னும் இல்லை.