ஆபத்துக் காலத்தில் அரிய துணை: அமெச்சூர் வானொலித் தொண்டர்கள்

ஓர் வட்டார வளர்ச்சி அலுவலர்

புயலும் வெள்ளமும் வந்த காலத்தில் ஒரு கிராமத்துக்கு முதலாவதாக வேண்டுவது யாது? உணவு என்பர் சிலர். மருந்து என்பர் சிலர். படகு என்பர் வேறு சிலர். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டுவது ஒன்று உண்டு. அது செய்தி. “இன்ன ஊரில் இத்தனை பேர் இன்ன நிலையில் இருக்கின்றனர்” என்ற செய்தி உரிய இடத்துக்குச் சென்று சேர்ந்தாலன்றி உணவும் மருந்தும் படகும் அவ்வூருக்கு வந்து சேர்வதில்லை.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் பயணிகளோடு அலையில் அழிந்தது. தந்திக் கம்பிகள் அறுந்துபோனமையால் அந்தத் துயரம் வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை. அன்று தந்தி; இன்று கைப்பேசி. கருவி மாறியுள்ளதே தவிர ஆபத்து மாறவில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது மின்கம்பங்கள் பல்லாயிரக்கணக்கில் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் வேரோடு வீழ்ந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. கையில் பேசி இருந்தும் பேச வழியின்றிப் பல கிராமங்கள் தவித்தன.

கைப்பேசி இரண்டு பேசிகளுக்கிடையே நேராகப் பேசுவதன்று. நம் குரல் முதலில் கோபுரத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து கண்ணாடி இழைக் கம்பி வழியாகவும் பெரிய நிலையங்கள் வழியாகவும் சென்று மற்றவரை அடைகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் அங்குள்ள பாட்டரி சில மணி நேரமே தாங்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி முழுவதும் பயனற்றதாகிறது. இச்சங்கிலியை நம்பாமல், ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு வான் வழியே நேராகப் பேசுவோர் நம் நாட்டில் உளர். அவர்களே அமெச்சூர் வானொலி இயக்குநர்கள். உலகெங்கும் அவர்களை ‘ஹாம்’ என்று செல்லமாக அழைப்பர்.

அமெச்சூர் வானொலி என்பது யாது?

அமெச்சூர் என்பது ஊதியம் கருதாது, ஆர்வத்தால் ஒரு கலையில் ஈடுபடுபவரைக் குறிக்கும் சொல். வானொலி நிலையம் ஒலிபரப்புகிறது; நாம் கேட்கிறோம். அமெச்சூர் வானொலியிலோ இருவரும் பேசுவர்; இருவரும் கேட்பர். இதற்கென அரசாங்கம் சில அலைவரிசைகளை ஒதுக்கியுள்ளது. தேர்வு எழுதித் தேறி, மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர் மட்டுமே இவ்வலைவரிசைகளில் பேசலாம். ஒவ்வொருவருக்கும் தனி அழைப்புக் குறி வழங்கப்படுகிறது. இந்தியர் பலருடைய குறி ‘வி.யூ.’ என்னும் எழுத்துகளில் தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் இத்தகைய உரிமம் பெற்றவரே. அவருடைய குறி ‘வி.யூ.2 ஆர்.ஜி.’ என்பதாகும்.

நம் நாட்டில் இக்கலை புதிதன்று. 1921ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இம்முயற்சி தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939இல் உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. விடுதலைக்குப் பின்னர் 1948இல் மவ் நகரிலுள்ள ராணுவச் செய்தித் தொடர்புப் பள்ளியில் ஒரு சங்கம் தோன்றி, 1954இல் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்று பெயர் பெற்றது. சென்னையிலும் மதராஸ் அமெச்சூர் வானொலிச் சங்கம் என்ற அமைப்பு உண்டு. 2005ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ‘ஹாம்சாட்’ என்னும் 42.5 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள் இத்தொண்டர்களுக்காகவே ஏவப்பட்டு, 2014 வரை பணிபுரிந்தது.

அலை செல்லும் வழி

இக்கருவிகள் இருவகைப்படும். ஒன்று கையடக்கமானது. இதன் அலை நேர்க்கோட்டில் செல்லும். மேடும் மரமும் மறைக்கும். ஆகவே சமவெளியில் சில கிலோமீட்டர் தொலைவே பேசலாம். மலை உச்சியில் ஓர் எதிரொலிப்பு நிலையம் அமைந்திருப்பின் மிகுந்த தொலைவுக்கும் எட்டும்.

மற்றொன்று மேசைமேல் வைத்து இயக்குவது. இதன் அலை வானத்தை நோக்கிச் சென்று, நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ள மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கில் பட்டுத் திரும்பித் தரைக்கு வரும். கிணற்றுக்குள் ஒளி காட்டினால் நீர்ப்பரப்பில் பட்டு எதிர்ச்சுவரில் விழுவதைப் போன்றது இது. மலையும் காடும் இதற்குத் தடையல்ல. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பகற்பொழுதில் சில நூறு கிலோமீட்டர் தொலைவு பேசலாம். இரவில் அதனினும் தொலைவு எட்டும்.

இதற்குப் பெரிய கோபுரம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பியை நடுவில் இரண்டாகப் பிரித்து, இரு மரங்களுக்கிடையே கயிற்றால் இழுத்துக் கட்டினால் போதும். கம்பியை மிக உயரத்தில் கட்டாமல் சற்றுத் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே சென்று சுற்றுவட்டார மாவட்டங்களிலேயே இறங்கும். நமக்கு வேண்டுவதும் அதுவே. மின்சாரத்துக்கு 12 வோல்ட் பாட்டரி போதுமானது. டிராக்டரில் உள்ள பாட்டரியே இக்கருவியை இயக்கும். சூரிய ஒளித் தகடு ஒன்று இருப்பின் பாட்டரியை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

அவர்களுடைய கூட்டுவாழ்வு

ஆபத்துக் காலத்தில் இவர்கள் திறம்படப் பணிபுரிவதற்குக் காரணம் ஆபத்தில்லாத காலத்தில் இவர்கள் நடத்தும் கூட்டுவாழ்வே ஆகும். குறிப்பிட்ட வேளையில், குறிப்பிட்ட அலைவரிசையில் பலர் கூடுவர். இதனை ‘நெட்’ என்பர்; வலை என்று பொருள். ஒருவர் தலைமை தாங்கி ஒவ்வொருவராக அழைப்பார். அழைக்கப்பட்டவர் தம் ஊரையும், வானிலையையும், குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதையும் கூறுவார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. நம் கிராம சபைகளிலும் இவ்வொழுங்கு நிலவினால் எத்துணை நன்றாயிருக்கும்!

பொறியாளர், ஆசிரியர், கடைக்காரர், மாணவர், ஓய்வு பெற்றோர், இல்லத்தரசியர் எனப் பலதரத்தினரும் இவ்வலையில் சமமாக அமர்கின்றனர். கண்பார்வை அற்றோரும் இதில் சிறந்து விளங்குகின்றனர்; செவியும் நாவும் இருந்தால் இங்கே குறையேதுமில்லை. வியாபாரப் பேச்சுக்கும் பாட்டு ஒலிபரப்புக்கும் இங்கே இடமில்லை. அரசியல், சமயச் சச்சரவுகளும் விலக்கப்பட்டவை. ஒருவர் வீட்டு மாடியில் ஏரியல் நிறுத்த வேண்டுமெனில் மற்றவர்கள் வந்து கைகொடுப்பர்; நாற்று நடவில் இன்று உன் வயல், நாளை என் வயல் என்று நாம் மாறி மாறி உதவிக்கொள்வதைப் போன்றது அது. புதிதாகக் கற்க வருவோருக்கு மூத்தோர் கட்டணமின்றிப் பாடம் சொல்லித் தருவர். முதன்முறையாகப் பேசியோர் தத்தம் அழைப்புக் குறி அச்சிட்ட அஞ்சலட்டைகளை மாற்றிக்கொள்வர். சாரணச் சிறுவர்கள் ஆண்டுதோறும் அக்டோபரில் உலகெங்கும் உள்ள சாரணர்களுடன் வான் வழியே அளவளாவவும் இவர்களே துணை நிற்கின்றனர்.

ஒளித்துவைத்த கருவியைத் தேடிக் கண்டுபிடித்தல், வெட்டவெளியில் பாட்டரியைக் கொண்டு நிலையம் அமைத்தல் முதலிய போட்டிகளையும் நடத்துவர். பார்ப்போருக்கு இவை விளையாட்டாகத் தோன்றும். உண்மையில் இவை ஆபத்துக் காலத்துக்கான ஒத்திகைகளே ஆகும்.

அந்தமானில் நடந்தது

இத்தொண்டின் அருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தமானில் நடந்தது. ஹைதராபாதிலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த குழுவொன்று திருமதி பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேர் சென்றிருந்தது. நெடுங்காலமாக அமெச்சூர் வானொலி ஒலிக்காதிருந்த அத்தீவுகளிலிருந்து உலகத்தாருடன் பேசுவதே அவர்கள் நோக்கம். அனுமதி பெற்று, நாள்தோறும் மகிழ்ச்சியுடன் பேசிக்கொண்டிருந்தனர்.

டிசம்பர் 26ஆம் தேதி காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. பின்னர்க் கடல் பொங்கியது. நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அதே ஆழிப்பேரலை அது. தீவுகளில் தொலைபேசித் தொடர்பு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. இக்குழுவினர் பொழுதுபோக்கை அக்கணமே நிறுத்திவிட்டு அவசரப் பணியில் இறங்கினர். கருவி அவர்களிடம் இருந்தது, கம்பி கட்டப்பட்டிருந்தது, பழக்கமும் இருந்தது. தீவுகளில் உள்ளோர் நலமாக இருக்கின்றனரா என்று தாய்நாட்டிலிருந்து கேட்போரின் கேள்விகள் வந்த வண்ணமிருந்தன. இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று அவர்கள் வான் வழியே கூற, 1,200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கேட்ட தொண்டர்கள் அவ்வக் குடும்பத்தாருக்குத் தெரிவித்தனர். கார் நிக்கோபார் தீவுக்கும் இயக்குநர் அனுப்பப்பட்டு அங்கும் ஒரு நிலையம் அமைந்தது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு.  ஏற்கனவே அங்கிருந்தவர்களே முதல் உதவி புரிந்தனர். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின்போதும், 2001 ஜனவரி 26இல் கட்ச் பகுதியில் நேர்ந்த பூகம்பத்தின்போதும் தொண்டர்கள் வெளியூர்களிலிருந்து கருவிகளுடன் சென்று அரும்பணி ஆற்றினர். ஆயினும் சாலை சிதைந்த காலத்தில் வெளியூரார் வந்து சேரக் காலம் பிடிக்கும். உள்ளூரில் ஒருவர் இருப்பாராயின் அந்தக் காலம் மிச்சமாகும். மிச்சமாகும் ஒவ்வொரு மணியும் சில உயிர்களின் விலையாகும்.

பேரிடர் மட்டுமே இவர்களுக்குக் களம் அன்று. மேற்கு வங்கத் தொண்டர்கள் கங்காசாகர் திருவிழாவில் வழிதவறிய முதியோரையும் குழந்தைகளையும் அவர்தம் குடும்பத்தாருடன் சேர்த்துவைத்து வருகின்றனர். பெருந்திரள் கூடும் நம் தேர்த் திருவிழாக்களுக்கும் இது பொருந்தும்.

சட்டமும் எச்சரிக்கையும்

உரிமமின்றி ஒலிபரப்புக் கருவி வைத்திருப்பதும் இயக்குவதும் குற்றமாகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கிகளைத் தோட்டக் காவலுக்கென வாங்கி, அறியாமையால் தொல்லைக்குள்ளாக வேண்டாம். மேலும், பஞ்சாயத்தின் அன்றாட அலுவல்களுக்கோ நெல் விலை விசாரிக்கவோ அமெச்சூர் வானொலியைப் பயன்படுத்துதல் கூடாது. இயற்கைச் சீற்றத்தின்போது, மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரிகள் கேட்டுக்கொள்ளும் நிலையில், பிறருடைய செய்திகளை இவர்கள் அனுப்பலாம். காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் தனி வயர்லெஸ் உண்டு. தொண்டர்கள் அவற்றுக்கு மாற்று அல்லர்; துணையாவர்.

1978ஆம் ஆண்டு விதிகள் 12 வயது நிரம்பியோருக்கே தேர்வெழுத வழி செய்தன. தேர்வில் வானொலி நுட்பமும் விதிமுறைகளும் கேட்கப்படும். விண்ணப்பிப்போர் அப்போது நடப்பிலுள்ள விதிகளை அமைச்சகத்தின் அறிவிப்புகளைப் பார்த்தோ அருகிலுள்ள சங்கத்தாரைக் கேட்டோ தெளிந்துகொள்க.

செய்தி எழுதும் முறை

கருவி இருந்தாலும் செய்தி தெளிவாக இல்லையேல் பயனில்லை. “எங்கள் ஊரில் பெருஞ்சேதம், உடனே உதவுக” என்று எழுதினால் அதிகாரி என்ன செய்வார்? எதை அனுப்புவார்? எந்த வழியாக அனுப்புவார்? அதற்கு மாறாக இவ்வாறு எழுதுக: “கீழத்தெருவார் 40 குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியுள்ளனர். குடிநீர் இல்லை. பிரசவ வலி கண்ட பெண் ஒருவர். வடக்குச் சாலையில் வாய்க்கால் பாலம் உடைந்தது. கிழக்கு வழியே படகு வரலாம். நேரம் மாலை 4 மணி.” சொற்கள் சிலவே; ஆயினும் யார், எங்கே, எத்தனை பேர், என்ன தேவை, எவ்வழி வரலாம், எப்போதைய நிலை என்ற ஆறும் இதில் அடங்கியுள்ளன. கேட்டவர் செய்தியை அப்படியே திருப்பிச் சொல்ல, அனுப்பியவர் சரிபார்ப்பார். இம்முறையில் செய்தி எழுதக் கற்பது கைப்பேசி இயங்கும் காலத்திலும் பயன்படும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, தம் வட்டாரத்திலோ அருகிலுள்ள நகரத்திலோ உரிமம் பெற்றவர் எவரேனும் உளரா என்று விசாரித்து அறிக. அவரைப் பள்ளிக்கு அழைத்து மாணவர்களுக்குச் செய்து காட்டச் சொல்க.

இரண்டாவதாக, அறிவியல் ஆசிரியர் ஒருவரும் ஆர்வமுள்ள இளைஞர், இளம்பெண்கள் இருவரும் தேர்வெழுத ஊக்கமளிக்க. வெளியூர் வேலைக்குச் செல்லாது ஊரிலேயே தங்குபவராக இருத்தல் நலம்.

மூன்றாவதாக, வெள்ளம் ஏறாத ஓர் இடம், கம்பி கட்ட இரண்டு கம்பங்கள், நல்ல நிலையிலுள்ள ஒரு பாட்டரி ஆகியவற்றைக் குறித்துவைத்துக்கொள்க.

நான்காவதாக, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் ஆண்டுக்கொரு முறை ஒத்திகை நடத்துக.

கருவியின் விலையைப் பற்றிச் சிலர் கவலையுறலாம். கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். தொலைதூரக் கருவி அதைப் போலப் பல மடங்காகும். ஊருக்கொன்று வாங்க இயலாது என்பது உண்மையே. அண்டை ஊர்கள் சில ஒன்றுகூடி, உரிமம் பெற்ற ஒருவரை ஆதரித்தால் போதும். கருவியைப் பணத்தால் வாங்கிவிடலாம். பழகிய ஆளைப் புயலன்று வாங்க முடியாது. ஆகவே முதலில் உருவாக்க வேண்டுவது ஆளையே.

ஏரிக் கரையை மழைக்கு முன்னரே பலப்படுத்துவது நம் முன்னோர் வழக்கம். செய்திக்கும் அவ்வாறே ஒரு கரை வேண்டும். அடுத்த பருவமழை வருமுன் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவரேனும் இத்தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவாராயின், நம் கிராமங்கள் இருளில் குரலின்றித் தவிக்கும் நிலை நீங்கும். பஞ்சாயத்துத் தலைவர்களும் அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் தத்தம் ஊரின் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஆலோசிப்பார்களாக.